முதல் வரியில் கையொப்பமிட்டவர்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன் உன் உடன்பிறந்த அண்ணன், வயது ஐம்பத்தேழு, தொழில் வழக்கறிஞர், முப்பத்தோரு ஆண்டுகளாகப் பிறருக்குப் பத்திரங்களும் மனுக்களும் எழுதித் தருபவன். இதில் கண்டவை யாவும் நான் நேரில் அறிந்தவை அல்லது நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டவை.

2. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். உன் நலத்தைப் பற்றி எழுது. 'நல்லா இருக்கேன்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல், எந்த உறுப்பு எப்படி இருக்கிறது என்று தனித்தனியே எழுது.

3. நீ வேலை பார்க்கும் மருத்துவமனையின் நான்கு படுக்கைப் பிரசவப் பிரிவை ஜூலை முதல் தேதி மூடுவதென்றும், அதன்பின் பிரசவத்துக்கு வருவோர் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றும் சுகாதாரத் துறை ஆணையிட்டிருப்பதை அறிவேன். அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டே தலைநகர் வரை சைக்கிளில் போகப்போவதாக நீ தொலைபேசியில் சொன்னபோது நான் பதில் சொல்லவில்லை. தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இப்போது எழுத்தில் சொல்கிறேன்: எனக்குச் சம்மதமில்லை. ஐம்பத்திரண்டு வயதில், கியர் இல்லாத இரும்புச் சைக்கிளில், வாரத்துக்கு ஒரு தொண்ணூறு கிலோமீட்டர் என்று பன்னிரண்டு வாரம்! "தொண்ணூறுன்னு பேப்பர்ல எழுதுனா யாருக்கும் வலிக்க மாட்டேங்குது அண்ணா, மிதிச்சாத்தான் தெரியும்" என்றாய். வலியை அறிய வேறு வழிகளும் உண்டு.

4. சம்மதமில்லை என்பதற்காக மனுவை மோசமாக எழுத என்னால் முடியாது. மனுவும் கையொப்பத் தாள்களும் இத்துடன் உள்ளன. கவனிக்க வேண்டியவை:

அ) நீ மருத்துவமனை ஊழியர். பணி விதிப்படி நீ மனுதாரராக இருக்கக் கூடாது. விசாரணை அறைக்குள் வரவும் கூடாது. விடுப்பில் இருக்கும்போது சைக்கிள் மிதிப்பதை மட்டும் எந்த விதியும் தடுக்கவில்லை. மிகவும் தேடிப் பார்த்தேன்.

ஆ) ஆகவே, முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உன்னோடு வரும் தையல்காரம்மா மனுதாரராக இருக்கட்டும். மனுவின் இரண்டாம் பத்தி: 'முதல் வரியில் கையொப்பமிடுபவரே மனுதாரர்; ஜூன் 20 விசாரணையில் அவரே நேரில் உறுதிமொழி அளிப்பார்.' நான்காம் பத்தி: 'மனுதாரர் இத்தூரத்தைத் தம் சொந்தக் கால்களால் மிதிவண்டியில் கடந்து நேரில் அறிந்தவர்.' நேரடி அனுபவம் இல்லாதவரின் மனுவை விசாரணைக் குழு எடுத்துக்கொள்ளாது. நான்காம் பத்திதான் மனுவின் உயிர்.

இ) ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் 'முதல் தாளின் தொடர்ச்சி' என்று அச்சிட்டிருக்கிறேன். இனி ஒருவரும் இடையில் ஒரு தாளை உருவவோ செருகவோ முடியாது.

ஈ) நம் மக்கள் கட்டத்துக்குள் கையெழுத்துப் போடுவதில்லை, வால் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடுகிறது. எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவதற்காக முதல் தாளின் முதல் வரியில் மாதிரிக்கு நானே போட்டிருக்கிறேன். தையல்காரம்மா அதற்குக் கீழே போடட்டும்.

5. இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி.

உடல்நலம் பேணுமாறு வேண்டும்,
அண்ணன்

*

மார்ச் 18

வக்கீல் அண்ணாவுக்கு,

நீ கேட்டபடி உறுப்பு உறுப்பாக: தலை நலம். கழுத்து நலம். தோள் பரவாயில்லை. உட்காரும் இடத்தைப் பற்றி அண்ணனுக்கு எழுதுவது மரியாதை இல்லை. கால்கள் என்னுடையவைதானா என்று சந்தேகமாக இருக்கிறது. நீயும் அண்ணியும் சுகம்தானே?

முப்பதாவது கிலோமீட்டரில் போன் பையிலிருந்து துள்ளி வாய்க்காலில் இறங்கிவிட்டது. இனி உன் விருப்பப்படி எல்லாம் எழுத்தில்தான். அடுத்தடுத்த ஊர் மருத்துவமனைகளின் நர்ஸ் விடுதி முகவரிகளைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

முதல் தொண்ணூறு: ஒன்பது மணி நாற்பது நிமிடம். தையல்காரம்மா கூடவே வந்தார். பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் ஒரு வசனம். "இந்த ரோட்டுல வலி எடுத்தவளைக் கூட்டிட்டு வரணுமாம்ல? ரோட்டுக்கே வலி எடுத்துல்ல கெடக்கு!"

பெரிய மருத்துவமனை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஒருவர் வந்து, "ஏம்மா, அங்கருந்து இங்க வர பஸ் இல்லையா?" என்றார். "நாளைக்கு ஒண்ணு இருக்குங்க. வயித்துல இருக்கிற குழந்தைகிட்ட டைம்டேபிளைக் காட்டிப் பார்த்தோம், ஒத்துக்க மாட்டேங்குது" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். அவர் வீட்டார் ஏழு பேரையும் கூட்டிவந்து போடவைத்தார்.

இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு. தையல்காரம்மா நீ சொன்னபடி உன் கையெழுத்துக்குக் கீழே போட்டார். "உங்க அண்ணன் கையெழுத்து பார்டர் தச்ச மாதிரி இருக்கு" என்று பாராட்டிவிட்டு லாரியில் ஊர் திரும்பினார். சனிக்கிழமை அடுத்த தொண்ணூறு.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்,
தங்கை

*

ஏப்ரல் 1

அன்புள்ள தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். உன் கடிதத்தில் விடுபட்ட உறுப்பு ஒன்றுக்கு உன் அண்ணி தனியே தைலம் அனுப்புகிறாள்.

கையெழுத்து வாங்கும்போது வேடிக்கை பேசுவதைக் குறைத்துக்கொள். சிரித்துக்கொண்டு இட்ட கையொப்பம் செல்லும். ஆயினும் எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். செயினுக்கு எண்ணெய் விட்டாயா? நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கலாமா, இறங்கி நிற்கலாமா என்று விசாரித்தேன். மூவரிடம் மூன்று விதமான கருத்து உள்ளது. நீயே முடிவு செய். முதல் தாளின் நகல் ஒன்று என் கோப்புக்கு வேண்டும்; அனுப்பு.

நலமே விழையும்,
அண்ணன்

தட்டச்சாளர் குறிப்பு (சார் கையெழுத்துப் போட்ட பிறகு சேர்த்தது): அம்மா, சம்மதமில்லை என்பவர் சுவரில் உங்கள் வழியை வரைந்து மாட்டியிருக்கிறார். தினமும் காலையில் குண்டூசியை நகர்த்துகிறார். சொத்துத் தகராறுக்கு வருகிறவர்களிடம் "என் தங்கச்சி இப்ப இங்க இருக்கா" என்று ஆரம்பித்து அரைமணி நேரம். தகராறே மறந்து போய்விடுகிறது.

*

ஏப்ரல் 15

வக்கீல் அண்ணாவுக்கு,

தைலம் கிடைத்தது. அண்ணிக்குக் கோடி நமஸ்காரம். மற்றபடி முழு உடம்பும் நலம். உங்கள் இருவர் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும்.

கையெழுத்து மூவாயிரத்து நூறைத் தாண்டிவிட்டது. நீ கேட்ட நகல் உள்ளே இருக்கிறது. நகல் எடுக்கப் போன கடையில்தான் வினை. அங்கே ஓய்வுபெற்ற பதிவாளர் ஒருவர் நின்றிருந்தார். தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு தடவை படித்தார்.

"யாரும்மா இந்த மனுதாரர்?"

"தையல் வேலை பார்க்கிறவங்க. எங்க ஊர்."

"அவங்க ரெண்டாவது வரியில இருக்காங்க. முதல் வரியில இருக்கிறவரைக் கேட்டேன். அவர் நல்லா சைக்கிள் மிதிப்பாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. இரண்டாம் பத்தியில் விரலை வைத்தார். பிறகு நான்காம் பத்திக்கு நகர்த்தினார். பிறகு உன் கையெழுத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அண்ணா, மாதிரி என்று நீ அதில் எங்கேயும் எழுதவில்லை.

ஒரு கோடு போட்டு அடித்துவிடட்டுமா? உடனே எழுது.

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பும்,
தங்கை

*

மே 6

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நான், இடது முழங்கால் நீங்கலாக, நலம். உன் அண்ணி முழுமையாக நலம். மூன்று வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் விவகாரம் பரிசீலனையில் இருந்ததே.

எந்தக் கோடும் போடாதே. முதல் வரியை அடித்தால் முதல் தாள் செல்லாது. முதல் தாள் செல்லாவிட்டால், 'முதல் தாளின் தொடர்ச்சி' என்று தலைப்பிட்ட மற்றத் தாள்கள் அனைத்தும் தொடர்வதற்கு ஒன்றும் இல்லாமல் விழும். இடையில் எவரும் கைவைக்க முடியாதபடி ஒரு மனுவை நான் எழுதினேன். இப்போது என்னாலும் கைவைக்க முடியவில்லை. தையல்காரம்மாவை முதல் வரிக்கு மாற்ற, கீழே கையொப்பமிட்ட ஒவ்வொருவரிடமும் மறுபடியும் போய்ச் சம்மதம் வாங்க வேண்டும். நாள் இல்லை.

எஞ்சியிருக்கும் வழி ஒன்று. நான்காம் பத்தியில் சொல்லியிருப்பதை உண்மையாக்குவது. அதை ஆராய்ந்து வருகிறேன்.

முழங்கால் பற்றிக் கவலைப்படாதே. படிக்கட்டில் சறுக்கியது.

நீ நலம் என்ற செய்தியை எதிர்நோக்கும்,
அண்ணன்

தட்டச்சாளர் குறிப்பு: நம் அலுவலகம் தரைத்தளம். சார் வீடும் தரைத்தளம்.

*

மே 15

வக்கீல் அண்ணாவுக்கு,

மழையில் நனைந்து தும்மல், மற்றபடி நலம். உன் முழங்கால் எப்படி? எந்தப் படிக்கட்டு?

ஆறாயிரம் கையெழுத்து ஆயிற்று. இந்த ஊரில் ஒரு பெண் நாற்பது நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து போட்டாள். அவளும் அறுபது கிலோமீட்டர் வண்டியில் வந்துதான் பெற்றாளாம். "வண்டியிலயே பொறந்துடுமோன்னு பயம். டிரைவர் என்னைவிட அதிகமா அழுதாரு" என்றாள். இப்படி ஆறாயிரம் பேர். உன் ஒரு வாக்கியத்தில் தொங்குகிறார்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். நீ ஏன் ஆராய வேண்டும்? விசாரணையில் எழுந்து நின்று "ஆமாம், கடந்தேன்" என்று சொல்லிவிடு. யார் பின்னாலேயே வந்து பார்த்தார்கள்? உன்னைப் பார்த்தால் பொய் சொல்கிற முகம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு வாக்கியம் அண்ணா. கல்லூரியில் படிக்கும்போது சைக்கிள் மிதித்து அலுத்துப்போய் விட்டுவிட்டதாக நீதானே சொல்வாய்? அந்தக் கணக்கில் போட்டுக்கொள்.

அண்ணியும் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கை

*

மே 24

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நான், இடது முழங்கால், வலது முழங்கை, மூக்கின் ஒரு பகுதி ஆகியவை நீங்கலாக, நலம். உன் தும்மல் நின்றதா?

நீ சொன்ன யோசனையைப் படித்தேன். படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

நம் அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு கறுப்பு சைக்கிள் பதினோரு ஆண்டுகளாக நிற்பது உனக்கு நினைவிருக்கும். பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன் தம்பி இருவரும் உரிமை கோரிய சைக்கிள். வழக்கு முடிந்தும் இருவரும் வந்து எடுக்கவில்லை. அதைத் தற்காலிகமாகப் பயன்படுத்த இருவரிடமும் எழுத்து மூலம் அனுமதி கேட்டேன். அண்ணன்காரர் எழுதினார்: 'தாராளமாக. தம்பிக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.' தம்பிக்காரர் எழுதினார்: 'தாராளமாக. அண்ணனுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.' இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. இரும்பு உறுதியாக இருக்கிறது. டியூப் இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று.

பொதுவாக ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த நபர் ஒருவர் மிதிவண்டியில் ஏறினால், அவர் எத்திசையில் செல்லக் கருதினாலும் அது இடப்புறச் சுவரை நோக்கியே செல்கிறது. இதற்குக் காரணம் வண்டியா, நபரா? அவசரமில்லை; ஆனால் விரைவில் எழுது.

நலமுடன் வந்து சேர வேண்டும் என விரும்பும்,
அண்ணன்

*

மே 30

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

சார் அலுவலகத் தட்டச்சாளர் எழுதுவது. நான் நலம், என் சைக்கிளும் நலம். நீங்கள் நலமாக இருந்தால்தான் நாங்கள் படும் பாட்டுக்கு அர்த்தம் உண்டு. குறிப்பு எழுதும் இடம் போதவில்லை என்பதால் தனிக் கடிதமாகவே எழுதுகிறேன்.

அம்மா, சாருக்கு சைக்கிள் விடத் தெரியாது. அலுத்துப்போய் விட்டதெல்லாம் இல்லை, தொட்டதே இல்லை. தினமும் காலை ஆறு மணிக்குப் பக்கத்துக் காகிதக் கிடங்கு முற்றத்தில் பழகுகிறார். நான் இருபது வருடமாக வேலைக்கு சைக்கிளில் வருகிறவள் என்பதால் ஆசிரியை நான். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது உங்கள் அண்ணி.

முதல் நாள் ஏறுவதற்கு முன்பே அவருக்கு ஒரு உத்தரவாதம் வேண்டியிருந்தது.

"முன்னறிவிப்பு இல்லாம கையை எடுக்க மாட்டேன்னு சொல்லு."

"எடுக்க மாட்டேன்."

"எவ்வளவு நேர முன்னறிவிப்பு?"

"ஏறுங்க முதல்ல! இப்படியே நின்னுட்டிருந்தா நான் முன்னறிவிப்பு இல்லாம வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார் உங்கள் அண்ணி.

ஏறினார். சுவர்தான். இரண்டாம் நாளும் சுவர். மூன்றாம் நாள் வேறு சுவர். அது முன்னேற்றம் என்று நான் சொன்னேன். கிடங்குக் காவலாளி, "சார், அந்தச் செவுரு மேல ஏதும் கேஸ் போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் முற்றத்தை முழுதாக ஒரு சுற்று வந்தார். இறங்கத் தெரியாததால் ஏழு சுற்று வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் எங்களைத் தாண்டும்போது, "இதை எப்படி முடிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

இப்போது இருபது கிலோமீட்டர் வரை வந்திருக்கிறார். தொண்ணூறு வராது அம்மா. எனக்குத் தெரியும், உங்கள் அண்ணிக்கும் தெரியும். அவரிடம் யார் சொல்வது?

உங்கள் உடல்நலத்துக்கும் சாருடைய மூக்குக்கும் பிரார்த்திக்கும்,
தட்டச்சாளர்

*

ஜூன் 5

அன்பான அண்ணாவுக்கு,

நான் நலம். உன்னுடைய நீங்கலான பாகங்களை எல்லாம் நினைத்துக் கவலையாக இருக்கிறது. நாளைக்குத் தலைநகர் போய்ச் சேர்ந்துவிடுவேன். பதினோராயிரத்து நாற்பது கையெழுத்து.

உனக்குத் தெரிந்த அந்த நபரிடம் சொல்: சுவரைப் பார்த்தால் வண்டி சுவருக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தைப் பார்க்கச் சொல்.

இன்னொன்றும் சொல். பள்ளிக்கூட நாளில் நான்கு வருடம் அப்பாவுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்த் தள்ளிக்கொண்டே வந்தவரிடம், "என்னடா?" என்று கேட்டால் தினமும் "பஞ்சர்" என்று பதில் வரும். நான்கு வருடம் தினமும் பஞ்சராகிற சைக்கிள் உலகத்தில் கிடையாது. அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். நீ மட்டும்தான் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். உன் முகம் வாடிவிடும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் சென்ற கடிதத்தில் எழுதியதை மறுபடியும் எழுதுகிறேன். நாலு படுக்கை அண்ணா. போன வருடம் மட்டும் அதில் இருநூற்று ஆறு குழந்தை. ஜூலையில் பதினேழு பேருக்கு நாள் குறித்திருக்கிறேன், பெயரும் தேதியும் என் நோட்டில் இருக்கிறது. "கடந்தேன்" என்று ஒரு வார்த்தை. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உடம்பை உடைத்துக்கொள்ளாதே,
தங்கை

*

ஜூன் 13

அன்புள்ள தங்கைக்கு,

நலம் பற்றிய விவரம் கீழே வருகிறது.

எல்லோருக்கும் தெரியும் என்பதை அறிந்துகொண்டேன். அதைப் பற்றி இப்போது கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

நேற்று உன் மருத்துவமனை வாசலிலிருந்து, அந்தத் தொண்ணூறு கிலோமீட்டரின் மீதே, காலை ஐந்து பத்துக்குக் கிளம்பினேன். தட்டச்சாளர் தம் சைக்கிளில் உடன் வந்தார். தையல்காரம்மா சீட்டுக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார். உன் அண்ணி பஸ்ஸில் முன்னால் போய்த் தொண்ணூறாவது கிலோமீட்டரில் காத்திருந்தாள். இருபதில் நலம். முப்பத்தைந்தில் பேச்சு நின்றது. ஐம்பதில் தட்டச்சாளர் என்னிடம் என் பெயரைக் கேட்டார், சரியாகச் சொன்னேன். மாலை மூன்று இருபத்தைந்துக்கு, அறுபத்தோராவது கிலோமீட்டர் கல்லருகே, விழுந்தேன். எழ முடியவில்லை.

அங்கே ஒரு மணி நாற்பது நிமிடம் கிடந்தேன். கடந்து சென்றது ஒரு டிராக்டர், அதுவும் எதிர்த்திசையில். எனக்கு வலி முழங்காலில் மட்டும்தான் என்று பலமுறை நினைத்துக்கொண்டேன்.

"சார், இன்னும் இருபத்தொம்பதுதான். தள்ளிக்கிட்டே போவோம். போய்ச் சேர்ந்தாச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார் தட்டச்சாளர்.

"நாலாம் பத்தியில 'மிதிவண்டியில் கடந்து'ன்னு இருக்கே. 'தள்ளி'ன்னு இல்லையே."

"அதை எழுதுனதே நீங்கதான சார்!"

"அதனாலதான்."

பிறகு செங்கல் லாரி ஒன்றில் ஏற்றினார்கள். செங்கல் மேல் நானும், என் மேல் சைக்கிளும்.

நீ கெஞ்சிக் கேட்டதைச் செய்ய என்னால் இயலாது. நேர்மைக்காக என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். முப்பத்தோரு ஆண்டுகளாக மற்றவர்களை நிற்கவைத்து, 'சொல்வதெல்லாம் உண்மை' என்று சொல்லவைத்தவன் நான். அந்த வாக்கியத்துக்குப் பின் ஒரு பொய்யை வைக்க என் வாய்க்கு வழக்கமில்லை. திருத்த உறுதிமொழி ஒன்று தயாரித்துவிட்டேன்: 'மனுதாரர் இத்தூரத்தைக் கடக்க முயன்று, அறுபத்தோராம் கிலோமீட்டரில் விழுந்தவர்.' குழு இதை ஏற்காமல் மனுவைத் தள்ளுபடி செய்ய எல்லா வாய்ப்பும் உண்டு. அப்படியானால் உன் பதினேழு பேருக்கும், பதினோராயிரத்து நாற்பது பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் ஒரு கட்டத்துக்குள் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் காட்ட ஆசைப்பட்ட உன் அண்ணன்.

'மன்னித்துவிடு' என்ற சொல்லை நான் யாருக்கும் எழுத்தில் கொடுத்ததில்லை. அது பொறுப்பை ஒப்புக்கொண்டதாகும் என்று கட்சிக்காரர்களையும் தடுத்திருக்கிறேன். இங்கே எழுதுகிறேன். மன்னித்துவிடு.

18ஆம் தேதி ரயிலில் வருகிறோம். நலம்: கண்கள், காதுகள். ஏனையவை நீங்கலாக.

அண்ணன்

*

ஜூன் 20
விசாரணைக் குழு அலுவலகம், எழுத்தர் அறை

அன்புள்ள தங்கைக்கு,

நீ இதே கட்டிடத்தின் வராந்தாவில், எனக்கு இருபது அடி தூரத்தில், பெஞ்சில் அமர்ந்திருக்கிறாய். கதவுக் கண்ணாடி வழியே தெரிகிறாய். பார்வைக்கு நலமாகவே இருக்கிறாய். நகத்தைக் கடிப்பதை நிறுத்து. ஆணையின் பிரதி தட்டச்சாகிக் கையொப்பமாகும் வரை இவ்வறையை விட்டு நான் வெளியே வரக் கூடாது என்கிறார்கள். ஆகவே எழுதிக் கடைநிலை ஊழியரிடம் கொடுத்தனுப்புகிறேன். நடந்தவை வருமாறு:

1. சுகாதாரத் துறை அதிகாரி முதலில் எழுந்தார். தொண்ணூறு கிலோமீட்டர் ஒரு தூரமே அல்ல என்றார். அதற்கு ஆதாரமாக உன்னைக் காட்டினார். "ஐம்பத்திரண்டு வயசு அம்மா, சாதாரண சைக்கிள்ல, பன்னிரண்டு தடவை தொண்ணூறு கிலோமீட்டர் போயிருக்காங்க. பேப்பர்ல எல்லாம் போட்டோ வந்திருக்கு. சைக்கிள்லயே போக முடியுதுன்னா, வண்டியில போக என்ன கஷ்டம்?" என்றார். குழுவினர் மூவரும் தலையசைத்தார்கள். நீ மிதித்த ஒவ்வொரு கிலோமீட்டரையும் எடுத்து உனக்கு எதிராகவே அடுக்கினார்.

2. அடுத்து என்னை அழைத்தார்கள். உன் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு போய் நின்று திருத்த உறுதிமொழியைப் படித்தேன். அதிகாரி துள்ளி எழுந்தார். "மனுவில கடந்தேன்னு இருக்கு, இப்ப கடக்கலைங்கிறார்! மனுவே செல்லாது!" என்றார்.

3. குழுத் தலைவி வயதானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அறுபத்தொண்ணுல ஏன் இறங்குனீங்க?"

"இறங்கலைங்க. விழுந்தேன்."

"பழக்கம் இல்லையா?"

"ஐம்பத்தேழு வருஷமா இல்லை. ஆறு வாரமா உண்டு."

என் தட்டச்சாளர் பின்னால் சிரித்ததைக் குழு கண்டுகொள்ளவில்லை.

"விழுந்த இடத்துல என்ன இருக்கு?"

"ஒரு கிலோமீட்டர் கல் இருக்கு. ஒரு முள்ளு மரம் இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லைங்க. என் வாதம் அவ்வளவுதான்."

4. பிறகு தலைவி அதிகாரியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்ன அம்மா பலசாலி. பலசாலிங்க பிரசவத்துக்கு வர மாட்டாங்க, வலியில இருக்கிறவங்கதான் வருவாங்க. இவரைப் பாருங்க. இவருக்கு வலி இல்ல, பனிக்குடம் உடையல, தண்ணி கொடுக்கக் கூடவே ஆள் வேற. இவராலயே முடியல. ரெண்டு பேர்ல எனக்கு எந்தச் சாட்சி வேணும்?" என்னிடம் சொன்னார்: "நீங்க மட்டும் கடந்தேன்னு சொல்லியிருந்தா, 'கடக்க முடியுதே, அப்புறம் என்ன குறை?'ன்னு கேட்டு மனுவை மூடறதாத்தான் இருந்தேன். பேனாவைத் திறந்துகூட வெச்சுட்டேன்."

5. ஆணையின் சாரம்: மூடும் உத்தரவு ரத்து. 'மனுதாரர் விழுந்த இடத்திலோ அதற்கு முன்னரோ ஒரு பிரசவ வசதி ஏற்படுத்தப்படும் வரை' நான்கு படுக்கைகளும் இப்போது போலவே இயங்கும். 'விழுந்த இடம்' என்பதை நில அளவை எண்ணோடு குறிப்பிட வேண்டும் என்று நான் விண்ணப்பித்தேன்; குறிப்பிட்டார்கள். ஜூலை முதல் தேதி காலை நீ பணிக்குச் சேர வேண்டும். உன் நோட்டில் உள்ள பதினேழு பேருக்கும் சொல்லி அனுப்பு.

6. உன் வலிமை உனக்கு எதிராகவும் என் இயலாமை நமக்குச் சாதகமாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டதில் நீ வருந்தக் கூடாது. நீ ஆயிரத்து எண்பது கிலோமீட்டர் மிதித்துக் கொண்டுவந்து சேர்த்திராவிட்டால், என்னை விழுந்த கதையைச் சொல்லச் சொல்லி ஒருவரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

7. இதைப் படித்ததும் வராந்தாவில் கூச்சலிடாதே; இது அரசு அலுவலகம். எழுந்து நின்று கண்ணாடி வழியே ஒருமுறை தலையசை. போதும்.

8. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று பதிவு செய்யத் தோன்றுகிறது. இதற்கு முன் எவரிடமும் சொல்லாததால் சாட்சிகள் முன்னிலையில் சொல்கிறேன்: எனக்கு சைக்கிள் விடத் தெரியும்; அறுபத்தோரு கிலோமீட்டர் வரை.

மேற்கண்டவை யாவும் உண்மை.

(ஒப்பம்)
மனுதாரர்; உன் அண்ணன்

சாட்சிகள்:

1. உன் அண்ணி. (முன்னறிவிப்பு இல்லாமல்தான் கையை எடுத்தேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது.)

2. தட்டச்சாளர். (அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது அம்மா. சீக்கிரம் உள்ளே வாருங்கள்.)